காங்க்ரா பள்ளத்தாக்கின் உப்பு: இந்தியா அயோடினைக் கண்டடைந்த வரலாறு

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்பவருக்கு அந்த வாழ்நாள் முழுமைக்கும் வேண்டியதைக் கணக்கிட்டால் 4 கிராமை எட்டாது. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத அளவு. அது கிடைக்காமற்போனதால், இமயத்தின் அடிவாரம் நெடுகிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் வீங்கிய கழுத்தோடு வாழ்ந்தனர். செவி கேளாமலும் வாய் பேசாமலும் அறிவு வளராமலும் குழந்தைகள் பிறந்தன.

நுண்சத்துகளைப் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் தனிமனிதரின் தட்டைச் சுற்றியே நிகழ்கிறது. எந்தக் கீரையில் எது உண்டு, எந்த மாத்திரையை எப்போது விழுங்குவது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. அயோடினின் இந்திய வரலாறு நமக்கு வேறொன்றைச் சொல்கிறது. சில குறைபாடுகள் மண்ணிலிருந்து வருபவை. அவற்றை உண்பவர் தம் கண்ணால் காண இயலாது. தனியொருவர் தம் முயற்சியால் தீர்த்துக்கொள்ளவும் இயலாது. அவற்றுக்கான மருந்து பொது மருந்தாகத்தான் இருக்க முடியும். அந்த முடிவை வந்தடைய நம் நாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தப் பயணத்தையே இப்பதிவு விவரிக்கிறது. நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

மண்ணின் வறுமை

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டே தன் ஹார்மோன்களை உருவாக்குகிறது. உடலின் வெப்பம், வளர்ச்சி, இதயத்தின் வேகம் ஆகியவற்றை நெறிப்படுத்துபவை அவை. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவிலிருக்கும் சிசுவின் மூளை உருவாவதற்கு அவை இன்றியமையாதவை. அயோடின் குறையும்போது, கிடைக்கும் சிறிதளவையும் விடாமல் பற்றிக்கொள்ளும் பொருட்டுச் சுரப்பி பருக்கிறது. அதுவே முன்கழுத்துக் கழலை.

நிலத்தில் அயோடின் ஒரேயளவாகப் பரவியிருக்கவில்லை. அதன் பெருங்களஞ்சியம் கடல். கடலிலிருந்து காற்றில் ஏறி, மழையோடு நிலத்தில் இறங்கி, ஆறுகளின் வழியே மீண்டும் கடலைச் சேர்கிறது. பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்ற மலைச்சரிவுகளிலும், பெருமழை ஓயாமல் அரித்த பள்ளத்தாக்குகளிலும், வெள்ளம் அடிக்கடி கழுவிச் சென்ற சமவெளிகளிலும் மண்ணில் அது எஞ்சுவதில்லை. அம்மண்ணில் விளையும் தானியத்திலும் இல்லை. அங்கு மேயும் கால்நடையின் பாலிலும் இல்லை. வெளியூர் உணவு அரிதாகவே வந்து சேர்ந்த காலத்தில், மண்ணின் வறுமை அப்படியே மனிதரின் வறுமையாயிற்று.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. சுஸ்ருத சம்ஹிதை இதனைக் கலகண்டம் என்ற பெயரில் விவரிக்கிறது. நோய்க்குப் பெயர் இருந்தது, காரணம்தான் தெரியவில்லை.

ஐரோப்பா அறிந்ததும் அஞ்சியதும்

1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்வா என்பவர் கடற்பாசியின் சாம்பலிலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்தார். 1820இல் ஜெனீவாவின் மருத்துவர் கோன்தே கழலை நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார், வீக்கம் சுருங்கியது. செய்தி பரவியதும் மக்கள் அளவின்றி உட்கொள்ளத் தொடங்கினர். இதயப் படபடப்பும் உடல் மெலிவும் ஏற்பட்டன. அயோடினின் மீது அச்சம் படர்ந்தது. மைக்ரோகிராம் அளவில் தேவைப்படும் ஒரு பொருளை அதற்குப் பன்மடங்கு கூடுதலாகக் கொடுத்ததால் நேர்ந்த விபத்து அது. ஒரு பொருள் நன்மையாவதும் நஞ்சாவதும் அளவைப் பொறுத்தது என்பதை நுண்தனிமங்களின் வரலாறு தொடக்கத்திலேயே கற்றுக்கொடுத்துவிட்டது.

தைராய்டு சுரப்பியினுள்ளேயே அயோடின் உண்டென்பதை 1895இல் ஜெர்மானிய வேதியியலர் பௌமான் கண்டறிந்தார். 1917இல் தொடங்கி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் டேவிட் மரைன் பள்ளி மாணவியரிடையே சோதனை நடத்தினார. சிறிதளவு அயோடின் பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் 5 பேருக்கு மட்டுமே கழலை தோன்றியது. பெறாத ஏறத்தாழ அதேயளவு மாணவியரில் அது ஏறக்குறைய 500 பேருக்குத் தோன்றியது. சுவிட்சர்லாந்தில் ஓட்டோ பேயார்ட் என்னும் மலைநாட்டு மருத்துவர் மண்வெட்டியால் உப்போடு அயோடினைக் கலந்து கிராமத்தாருக்கு வழங்கிப் பார்த்தார். 1922இல் அந்நாட்டின் ஒரு மாநிலம் அயோடின் கலந்த உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எனவே 1920களின் நடுப்பகுதிக்குள் நோயின் காரணமும் தெரியும், மருந்தும் தெரியும், அதை வீடுதோறும் சேர்க்கும் வழியும் தெரியும். ஆயினும் பிரிட்டிஷ் இந்தியாவில் அது நிகழவில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று, இங்கே எழுப்பப்பட்ட கேள்வியே வேறாக இருந்தது என்பது.

கில்கிட்டின் வாய்க்கால்

இந்திய மருத்துவப் பணியில் இளம் அலுவலராக இருந்த ராபர்ட் மெக்காரிசன், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கில்கிட் பகுதியில் பணியாற்றினார். அங்கு ஒரே நீரோட்டத்தைப் பகிர்ந்துகொண்ட கிராமங்கள் வரிசையாக அமைந்திருந்தன. முதல் கிராமத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கழலை. கீழே செல்லச்செல்ல எண்ணிக்கை கூடி, கடைசிக் கிராமத்தில் பாதியை நெருங்கியது. ஒவ்வோர் ஊரின் கழிவும் அடுத்த ஊரின் குடிநீரில் கலந்ததை அவர் கவனித்தார். அந்நீரின் வண்டலைத் தாமே உட்கொண்டார். முன்வந்த பிறருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்கவைத்த வண்டலை உண்டவர்களுக்கு வீங்கவில்லை. ஆகவே நோய்க்குக் காரணம் அசுத்த நீரிலுள்ள ஏதோவோர் உயிர்ப்பொருள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

மெக்காரிசன் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய அறிஞரல்லர். பின்னாளில் நீலகிரியின் குன்னூரில் அவர் உருவாக்கிய ஆய்வுக்கூடமே, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது. கில்கிட்டில் அவர் கண்டதும் முற்றிலும் பொய்யன்று. அசுத்த நீர், சில வகை உணவுகள் போன்றவை தைராய்டின் வேலைக்கு இடையூறு செய்து, அயோடின் பற்றாக்குறையை மேலும் கடுமையாக்கக் கூடும் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் ஏற்கின்றன. எனினும் ‘நீர் அசுத்தமே காரணம்’ என்ற விளக்கத்துக்கு ஒரு விளைவு இருந்தது. நோயின் பொறுப்பு கிராமத்தாரின் பழக்கவழக்கத்தின் மேல் விழுந்தது. மண்ணில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவேண்டிய கடமை எவருடையது என்ற கேள்வி எழவே இல்லை.

மூன்று மண்டலங்கள்

அந்தக் கேள்வியை எழுப்பியவரும் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவரே. வுலிமிரி ராமலிங்கசாமி 1921இல் இன்றைய ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த நோயியல் அறிஞர். பின்னாளில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கியவர்.

அன்று பஞ்சாபைச் சேர்ந்திருந்த காங்க்ரா, இன்று இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. தௌலாதார் மலைத்தொடரின் அடியில் விரிந்து கிடக்கும் அப்பள்ளத்தாக்கை 1956இல் ராமலிங்கசாமியும் அவருடன் பணியாற்றியோரும் ஆய்வுக் களமாகத் தேர்ந்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பு மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. இடைப்பட்ட மண்டலத்துக்கு எதுவும் கலவாத சாதாரண உப்பு. தொடக்கத்தில் மூன்றிலும் கழலையின் அளவு ஏறத்தாழ ஒன்றுபோல, 38 சதவீதத்தை ஒட்டியிருந்தது.

இதற்கிடையே நடந்த மற்றோர் ஆய்வு, நோயின் காரணத்தைப் பற்றிய பழைய வழக்கைத் தீர்த்துவைத்தது. கதிரியக்க அயோடினைச் சிறிதளவு கொடுத்துச் சோதித்தபோது, இமயப் பகுதி நோயாளிகளின் தைராய்டு அதனைப் பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல் ஈர்த்துக்கொண்டது. சிறுநீரில் வெளியேறிய அயோடினோ மிகக் குறைவு. 1961இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அக்கட்டுரைக்குப் பின், இமயக் கழலையின் அடிப்படைக் காரணம் அயோடின் பற்றாக்குறையே என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

1962இல் மண்டலங்களை மீண்டும் அளந்தனர். அயோடின் உப்பு பெற்ற இரண்டிலும் கழலை ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. சாதாரண உப்பு பெற்ற மண்டலத்தில் 40 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அதன்பின் அம்மண்டலத்துக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. 1968இல் பார்த்தபோது அங்கும் நோய் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முதலிரு மண்டலங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாகிவிட்டது.

இந்த எண்கள் மருத்துவ நூல்களில் வெற்றியின் சான்றாகவே இடம்பெறுகின்றன, அது சரியே. ஆயினும் வரலாற்று மாணவர் அந்த இடை மண்டலத்தின் முன் சற்று நின்றாக வேண்டும். ஆறு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான குடும்பங்கள், மருந்தில்லாத உப்பு. கழலைக்கு அயோடின் உதவும் என்பது உலகில் அப்போது புதிய செய்தியன்று. அந்த ஆறு ஆண்டுகளில் அங்கும் பெண்கள் கருவுற்றனர், குழந்தைகள் பிறந்தன.

மறுபக்கமும் உண்டு. அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால், ‘காலப்போக்கில் உணவு மேம்பட்டது, நோய் தானே குறைந்தது’ என்று சொல்லி அரசு ஒதுங்கியிருக்கக்கூடும். நாடு முழுமைக்கும் அன்று அயோடின் உப்பு இல்லாத நிலையில், இடை மண்டலத்தார் மட்டும் தனியே இழந்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. இவ்விரண்டு வாதங்களும் உண்மையே. அவை அம்மக்களுக்கு நாம் பட்ட கடனை அடைத்துவிடுவதில்லை. நம் சமையலறை உப்பின் அறிவியல் ஆதாரத்தில் ஒரு பகுதி, அவர்கள் கழுத்தில் எழுதப்பட்டது.

கழுத்திலிருந்து மூளைக்கு

1962இல் இந்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சான்று இருந்தது, திட்டமும் இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளின் பயனோ மிகச் சொற்பம். காரணங்கள் எளியவை. கழலை மிகுந்த மாவட்டங்களுக்கு மட்டுமே அயோடின் உப்பு என்பது கொள்கை. உற்பத்தி தேவைக்கு வெகு கீழே இருந்தது. 1983 வரை தனியாருக்கு அதில் இடமில்லை. தடை விதிக்கப்பட்ட மாவட்டத்துக்குள் பக்கத்து மாவட்டத்தின் சாதாரண உப்பு மலிவு விலையில் நுழைந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு மனப்பாங்கும் இருந்தது. கழலை என்பது அழகைக் கெடுக்கும் வீக்கம், உயிரைக் கொல்லாத நோய், மலைநாட்டாரின் சிக்கல்.

அந்த மனப்பாங்கை அசைத்தது வேறொரு கண்டுபிடிப்பு. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் என். கொச்சுப்பிள்ளையும் அவருடைய குழுவினரும் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவரியா முதலிய சமவெளி மாவட்டங்களில் பிறந்த சிசுக்களின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தனர். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவது மேலை நாடுகளில் சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று. இம்மாவட்டங்களிலோ ஆயிரத்துக்குப் பத்துக்கணக்கில் இருந்தது. வீங்கிய கழுத்தைக் கண்ணால் காணலாம். மங்கிய அறிவை எவரும் அயோடினோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. பள்ளியில் பின்தங்கும் குழந்தையைச் சோம்பேறி என்பர், தலையெழுத்து என்பர்.

1983இல் ஆஸ்திரேலிய அறிஞர் பேசில் ஹெட்சல், இனி இந்நோயைக் கழலை என்று அழைக்காமல் ‘அயோடின் பற்றாக்குறைக் கோளாறுகள்’ என்றே அழைக்கவேண்டும் என எழுதினார். கருச்சிதைவு, குறைப்பிறப்பு, செவிட்டூமை, கிரெட்டினிசம், அறிவுத்திறன் குன்றல் ஆகிய அனைத்தும் அப்பெயரின் கீழ் ஒன்றாயின. பெயர் மாறியதும் கொள்கை மாறியது. கழலைப் பகுதிகள் என்று எவரும் கருதாத 14 மாவட்டங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கழலை தென்பட்டது. இது மலைநாட்டின் நோய் மட்டுமே என்ற எண்ணம் அத்துடன் சரிந்தது.

நாட்டு மக்கள் அனைவரும் உண்ணும் உப்பில் அயோடின் சேர்ப்பது என்ற முடிவு 1980களின் நடுவில் எடுக்கப்பட்டது. தனியார் உற்பத்தியாளருக்கு வழி திறந்தது. சரக்கு ரயில்களில் பாதுகாப்புத் துறைக்கு அடுத்த முன்னுரிமை அயோடின் உப்புக்கு அளிக்கப்பட்டது. 1992இல் திட்டத்தின் பெயரிலிருந்து கழலை என்ற சொல்லும் நீங்கியது.

உப்பும் உரிமையும்

ஆனால் இந்தியாவில் உப்பு வெறும் பண்டமன்று. 1930இல் காந்தி தண்டிக் கடற்கரையில் கையில் அள்ளியதும், அதே ஆண்டில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும் உப்புக்காகவே. எவரும் உப்பெடுக்கலாம் என்பது விடுதலைப் போராட்டம் பெற்றுத்தந்த உரிமைகளுள் ஒன்று. அதே நாட்டில், அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கு 1997இல் மைய அரசு தடை அறிவித்தது. அது 1998இல் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

எதிர்த்தவர்கள் அனைவரையும் அறிவியலின் பகைவர் என்று தள்ளிவிடலாகாது. அவர்களுள் சிறு உப்பளக்காரர்கள் இருந்தனர். கலவை இயந்திரத்துக்கும் பொட்டலமிடுவதற்கும் ஆகும் செலவைத் தாங்கமுடியாமல், சந்தை பெருநிறுவனங்களின் கைக்குப் போய்விடும் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. கடைத்தெருவில் அளந்து வாங்கிய உப்பு, விலை கூடிய பொட்டலமாக மாறும்போது ஏழைக் குடும்பத்தின் கணக்கிலும் அது தைத்தது. 2000இல் மைய அரசு தடையை விலக்கிக்கொண்டது. மருத்துவ அறிஞர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 2005இல் தடை மீண்டும் அறிவிக்கப்பட்டு, 2006 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2011 ஜூலையில் வந்த தீர்ப்பு நுட்பமானது. உணவுக் கலப்படத் தடைச் சட்டம், உடல்நலத்துக்குத் தீங்கு செய்யும் பொருளைத் தடுக்கவே அதிகாரம் தருகிறது. சாதாரண உப்பு தீங்கான பொருளன்று. ஆகவே அச்சட்டத்தின் கீழ் இத்தடை செல்லாது என்றது நீதிமன்றம். அதே வேளையில், பொது நலன் கருதித் தடை மேலும் ஆறு மாதங்கள் தொடரவும் அனுமதித்தது. அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்தன. இன்றைய நிலை அவற்றின் வழியே தொடர்கிறது.

இத்தீர்ப்பில் நம் வரலாற்றின் மையச் சிக்கல் அடங்கியிருக்கிறது. நஞ்சைத் தடைசெய்வது எளிது. அதற்குச் சட்டமும் உண்டு. நஞ்சில்லாத ஒரு பொருளில், இருக்கவேண்டிய ஒன்று இல்லை என்பதற்காக அதைத் தடைசெய்வது எந்த நீதியால்? கருவிலிருக்கும் குழந்தை தனக்கான உப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதே அதற்கு நான் காணும் விடை. தாய்க்கும் தன் மண்ணில் எது இல்லை என்று தெரிய வழியில்லை. இருவர் சார்பிலும் சமூகம்தான் அந்தத் தேர்வைச் செய்தாக வேண்டும். அவ்வாறு செய்யும் சமூகம், அதன் சுமை சிறு உப்பளத் தொழிலாளியின் தலையில் மட்டும் விழாதபடி பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டது. முதற்பாதியை நாம் பெருமளவு செய்தோம். இரண்டாம் பாதியை அரைகுறையாகவே செய்தோம்.

இன்று

உற்பத்தி நிலையில் ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம், வீட்டை அடையும்போது குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் என்பது இந்தியாவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட அளவு. நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு அதனால் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று வீடுகளில் இருந்தது. அவ்வாய்வில் மாநிலங்களின் வரிசையில் கடைசியில் நின்றது தமிழ்நாடு: 61.9 சதவீதம். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் இது. தூத்துக்குடியின் உப்பு செல்லாத ஊரில்லை. உற்பத்தியிடத்துக்கு அருகே இருப்பவர்களே கலவாத கல்லுப்பை எளிதாக வாங்குகின்றனர் என்பது இதற்கு ஒரு காரணம்.

இங்கே பரவலான ஒரு நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டும். கடலில் அயோடின் உண்டு. ஆகவே கடலுப்பில் இயல்பாகவே அது இருக்கும் என்று பலர் கருதுகின்றனர். பாத்தியில் கடல்நீர் வற்றி உப்பாகும்போது அயோடினின் மிகச் சிறு பங்கே அதில் தங்குகிறது. தேவைக்கு அது போதாது. இந்துப்பும் அவ்வாறே. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது. கல்லுப்பை விரும்புவோர் அதை வாங்கலாம்.

இன்னொரு சிக்கலும் நம்முன் இருக்கிறது. இரத்த அழுத்தத்தைக் கருதி, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. உப்பைக் குறைத்தால் அயோடினும் குறையும். கருவுற்ற பெண்ணுக்கோ மற்றவரைவிடக் கூடுதலாக, 250 மைக்ரோகிராம் வரை வேண்டும். இவ்விரண்டு அறிவுரைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உப்பில் கலக்கும் அளவை உண்ணும் அளவுக்கேற்ப மாற்றியமைத்தால் போதும். அதற்கு மக்களின் சிறுநீரில் உள்ள அயோடினை இடையறாது அளந்துகொண்டிருக்க வேண்டும். 1956இல் காங்க்ராவில் தொடங்கிய அளவிடும் பணி, ஒருமுறை செய்து முடித்துவிடத்தக்கது அன்று.

அயோடின் உப்புப் பொட்டலத்தில் ஒரு சிறிய சின்னம் இருக்கும்: சிரிக்கும் சூரியன். அதனைக் கவனித்து வாங்குங்கள். ஈரம் படாமல் மூடிவையுங்கள். தேவரியாவின் சிசுக்களும், காங்க்ராவின் இடை மண்டலத்தில் ஆறு ஆண்டுகள் வெறும் உப்பை உண்டவர்களும் அந்தச் சின்னத்துக்குப் பின்னே இருக்கிறார்கள். அவர்களுள் எவர் பெயரும் நம் பாடநூல்களில் இல்லை.